பால் பாத்திரத்துக்கு அடியில் ஒரு துண்டு போர்டு

என் மேசை மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு போர்டு கிடக்கிறது. ரேடியோவையோ சார்ஜரையோ பிரித்தால் உள்ளே பச்சையாக ஒரு பலகை இருக்குமே, அதைச் செய்வதற்கான தகடு. ஒரு பக்கம் செம்பு, மறுபக்கம் மங்கிய மஞ்சள். சூடு தாங்குகிறதென்று அக்கா இதைப் பால் பாத்திரத்துக்கு அடியில் வைத்திருந்தாள். அந்த வட்டக் கறை இன்னும் போகவில்லை. ஓரத்தில் விரலை வைத்து இழுத்தால் இன்றைக்கும் கிழிக்கும். இதை வெட்டியவர் அக்கா புருஷன், எங்கள் வழக்கில் பாவா. அந்த மனுஷனை எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பதுகூட மரியாதைக்காகச் சொல்வதுதான்.

திருத்தணியில் மலைப்படிக்குப் போகிற வழியில், ஒரு சந்துக்குள் அவர்கள் வீடு. ஆடிக் கிருத்திகைக்குச் சீரியல் லைட் கட்டுகிறவர்களுக்கு, விளக்கு ஓடி ஓடி எரிவதற்கான சர்க்யூட்டைப் பாவா வீட்டிலேயே செய்து கொடுப்பார். ஆரம்பத்தில் இரும்பு ஸ்கேலை வைத்து, உடைந்த ஆக்சா பிளேடால் தகட்டின் இரண்டு பக்கமும் ஆழமாகக் கீறி, மேசை விளிம்பில் வைத்து ஒரு அழுத்து அழுத்துவார். டக்கென்று நேராக உடையும். தூசி அதிகம் இராது. வேலை பெருகியதும் சுழல் பிளேடு வைத்த மெஷின் ஒன்றை வாங்கி வந்து, சமையற்கட்டுக்கும் துணி காயும் கொடிக்கும் நடுவில் போட்டார். அன்றிலிருந்து வீடெல்லாம் மஞ்சள் மாவு. மாவா அது? அந்தத் தகடே கண்ணாடி நாரால் ஆனது, பறந்ததெல்லாம் கண்ணாடித் தூள். அவர் மட்டும் முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டுக்கொண்டு, மூக்குவரை துண்டு கட்டிக்கொண்டு வெட்டுவார். அந்தச் சட்டையைத் தனி பக்கெட்டில் ஊறப்போடச் சொல்வார். துவைக்கிறவள் அக்கா. தரையைக் கூட்டுகிறவளும் அவள்தான். "வெறும் பவுடர் தான், தட்டுனா போயிடும்" என்பார்.

அக்காவுக்கு அரிப்பு வந்தது. கழுத்து, முழங்கை, தலை எல்லாம் சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டது. பாவா காரணம் கண்டுபிடித்தார். பிள்ளை பிறந்தால் தன் முடியை இறக்குவதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதாகியும் அது தள்ளிக்கொண்டே வந்தது. "சாமிய ஏமாத்திகினு கீறா, உடம்பு சும்மா இருக்குமா?" என்று வீட்டில் சொன்னது போதாமல், டீக்கடையிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் சொல்லிவிட்டு வந்தார்.

பள்ளிப்பட்டில் டீச்சர் வேலை கிடைத்து நான் அப்போது அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். லீவு நாட்களில் எனக்கும் அரித்தது. ஒரு காலையில் கொடியிலிருந்து அக்காவின் ரவிக்கையை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஊசி ஊசியாக மினுங்கியது. பாவாவிடம் கொண்டுபோய்க் காட்டி, மெஷினை வேறெங்காவது மாற்றுங்கள் என்றேன். "ஆங், டீச்சரம்மா சொல்லிட்டாங்க! மலை மேல கீற சாமிக்கு ஒண்ணும் தெரியாது, இவங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அக்கா என் கையைப் பிடித்து, "சும்மா இருடி, தப்பு எம்மேல தான்" என்றாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. மலையில் அதை மழித்துவிட்டுச் சந்தனம் பூசினார்கள். புண்ணில் எரிந்தது போலிருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு "மன்னிச்சிடு முருகா" என்றாள். அரிப்பு நிற்கவில்லை. மனசில் சுத்தம் போதவில்லை என்றார் பாவா. பிற்பாடு கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஷெட் போட்டு மெஷின் அங்கே போனது. அரிப்பும் போனது. "பாத்தியா, சாமி மன்னிச்சிட்டாரு" என்று அதற்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அக்கா அதையும் நம்பினாள். ஒவ்வொரு கிருத்திகைக்கும் படியேறி மறுபடி மறுபடி மன்னிப்புக் கேட்டாள். முருகனுக்கே சினம் ஆறிய மலை என்பார்கள். எனக்கு ஆறவில்லை.

போன தை மாதம் ஷெட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள் என்று போனேன். வேலைக்காரர்கள் முகமூடி போட்டிருந்தார்கள், தூசியை இழுக்கக் குழாய் வைத்திருந்தது. பாவா பெருமையாகச் சுற்றிக் காட்டினார். "துணி மாத்தாம எவனும் வூட்டுக்குப் போவக்கூடாதும்மா. பொண்டாட்டி புள்ளைங்களுக்கு அரிக்கும்ல?"

"இது உங்களுக்கு எப்போலேந்து தெரியும் பாவா?"

"மெஷின வித்தவனே சொன்னான். அப்போ வேற எடம் ஏது? மெஷின எங்க வெக்கறது?"

முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அடப்பாவி மனுஷா! என்று வாய்வரை வந்தது. அதற்குள் எங்களுக்குப் பின்னால், டீ கொண்டு வந்த அக்கா நிற்பதைப் பார்த்துவிட்டேன். தட்டைக் கீழே வைத்தாள். அவரை ஏறெடுத்தும் பார்க்காமல் என்னிடம்தான் கேட்டாள்.

"அப்போ நான் சாமிக்கு ஒரு தப்பும் பண்ணலியாடி?"

"இல்லக்கா" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பால் பாத்திரத்தைத் தூக்கி, அடியிலிருந்த இந்தத் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். "எடுத்துகினு போ. இது இங்க வேணாம்." அடுத்த கிருத்திகைக்கும் அவள் மலையேறினாள். இந்த முறை மன்னிப்புக் கேட்கவில்லை என்று போனில் சொன்னாள். பாவாவைப் பற்றி முருகனிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். என்னவென்று நான் விசாரிக்கவில்லை. நல்லதாக இருக்காது என்று நம்புகிறேன்.