கை தவறாத ஆரோக்கியசாமி

செய்தி வந்தபோது என் இரண்டு கைகளும் முழங்கை வரை அரக்குச் சாயத்தில் இருந்தன. பட்டறையில் வேலை பார்க்கும் பெண் போனை என் காதோடு பிடித்துக்கொண்டாள். மறுமுனையில் ஆரோக்கியசாமி அவர்களின் மனைவி மேரியம்மாள். "அண்ணா, அவரு சாப்ட்டுட்டுச் சாஞ்சாரு. எழுப்புனா எழுந்துக்கல. டாக்டரு வந்து பாத்துட்டு, போயிட்டாருன்னு சொல்லிட்டாரு."

ஆரோக்கியசாமி அவர்கள் எனக்கு இருபது வருடப் பழக்கம். ஓரிக்கை போகும் சாலையில் எதிரெதிர் வீடு. அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர், நான் சிவன் கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் அவர் என்னை மச்சான் என்பார், நானும் அவரை மச்சான் என்பேன். அப்படிப்பட்டவர் போய்விட்டார் என்று கேட்டதும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. 'இனிமேல் அந்த விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்' என்று ஒரு நினைப்பு வந்தது. நெஞ்சு லேசானது. அந்த லேசைப் பார்த்து நானே மிரண்டுபோனேன். கையில் இருந்த பட்டுநூல் நழுவித் தொட்டிக்குள் போய்விட்டது. எடுக்கத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

எந்த விஷயம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ஏகாம்பரத்தின் மருமகனுக்குத் தலை தீபாவளி அன்று, குடித்துவிட்டுக் கை நடுங்கி ஜாடியைக் கொட்டியவர்' என்று அவருக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. அந்த ஏகாம்பரம் நான்தான். அந்தப் பேரை அவருக்கு வைத்தவனும் நான்தான். அது பொய். அந்தப் பொய்யை அவர் பேரிலிருந்து எடுப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னை அறிந்தவர்கள் நான் சொல்வதில் எப்போதும் பாதியைக் கழித்துக்கொள்வார்கள். மற்ற இடங்களில் கழித்துக்கொள்ளுங்கள். தீபாவளி வரும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஆரோக்கியசாமி அவர்களின் அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். மகன் பத்தாவது முடித்து, சென்னையில் ஓட்டல் வேலை பழகி, பயணக் கப்பலில் மது கலக்கிப் பரிமாறும் பார் ஸ்டீவர்டாகப் போனார். அந்தக் கப்பல் நம் ஊர் ராஜகோபுரத்தைவிட உயரம், அதன் கேப்டன் இவர் கலக்கிக் கொடுக்காமல் நங்கூரத்தையே எடுக்கமாட்டார் என்றெல்லாம் நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் அப்படிச் சொன்னதே இல்லை. "பதினாறு கிளாஸ் ஒரே தட்டுல, அலை அடிக்கறப்ப நடக்கணும் மச்சான். ஒரு சொட்டு கீழ விழுந்தா அடுத்த டிரிப்பு கிடையாது" என்பார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

ஊர் திரும்பியபின் கல்யாண மண்டபங்களில் வெல்கம் டிரிங்க் மேசை போட்டார். மண்டபத்தில் வெறும் புதினா, எலுமிச்சை, திராட்சை ரசம்தான். அதற்கே வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் கோப்பைகளைக் கோபுரம்போல் அடுக்கி மேலிருந்து ஊற்றுவார். மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஜனங்கள் அவரைப் போட்டோ எடுப்பார்கள்.

வீட்டில் மட்டும், நல்ல நாள் பெரிய நாளில், அசல் சரக்கில் ஒன்று செய்வார். லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ என்று பேர். வோட்கா, ஜின், வெள்ளை ரம், டெக்கீலா என்று நாலு விதமும் ஒரே அளவு, அதோடு ஆரஞ்சு வாசனையுள்ள ஒரு மதுவும் சேரும். ஊர் உலகத்தில் இதில் டீயே போடுவதில்லையாம். கலருக்குக் கோலா ஊற்றி முடித்துவிடுவார்களாம். "பேர்ல டீ இருக்குது, உள்ள டீ இல்லன்னா இன்னா நியாயம்பா அது?" என்று கேட்டு, இவர் நிஜ டீ போடுவார். தண்ணீர் கொதித்ததும் இறக்கி, தூளைப் போட்டு மூடி, கொஞ்ச நேரத்தில் பிழியாமல் வடிகட்டி, நன்றாக ஆறவிடுவார். எலுமிச்சைச் சாறு எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். நான் ஏன் என்று கேட்டதற்கு, "எலுமிச்சம்பழம் பட்டா டீ வெளுக்கும். எது பட்டு வெளுத்துச்சுன்னு நமக்குத் தெரியணும் இல்ல" என்றார். சாயக்காரனுக்கே சாயப்பாடம் எடுக்கிறாரே என்று நான் சிரித்தேன்.

என் தொழிலைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். நான் படித்தது ஐந்தாவது வரை. என் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மாட்டாமல் வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று சொல்வேன். எழுத்து எனக்குத் தடுமாறும், கலர் தடுமாறாது. நாற்பது சிவப்பைத் தனித்தனியாகப் பிரிப்பேன். பட்டறையில் எந்த டப்பாவுக்கும் பேர் எழுதி ஒட்டியதில்லை. மூடியைத் திறந்தால் கலர் தெரியப்போகிறது, பேர் எதற்கு? பட்டில் சாயம் பிடிக்க ஊற்றுகிற ஆசிட்டைப் பெரிய கேனில் வாங்கி, மூடி நன்றாக இறுகும் காலி மது பாட்டில்களில் பிரித்து வைப்பது எங்கள் வழக்கம். அந்த ஆசிட் தண்ணீர்போல இருக்கும், கலர் கிடையாது. கலர் இல்லாத ஒன்றை என் கண் பிரிக்காது என்பது எனக்கு அதுவரை தெரியாமல் இருந்தது.

மகள் கௌரிக்குக் கல்யாணமாகி வந்த முதல் தீபாவளி. மருமகன் விக்னேஷ் பெங்களூரில் வேலை. அங்கிருந்து ஒரு டெக்கீலா பாட்டில் வாங்கி வந்தவர், "மாமா, இதை வச்சு லாங் ஐலண்ட் யாராவது செய்வாங்களா இங்க?" என்று கேட்டார். காஞ்சிபுரத்தில் அது கிடைக்குமா என்ற கேலி அதில் இருந்தது. எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. "கப்பல்ல கேப்டனுக்கே கலக்கிக் குடுத்த கை எதிர் வீட்டுல இருக்குது மாப்ள" என்று சொல்லி, ஆரோக்கியசாமி அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன்.

பகல் பதினோரு மணி. பின்கட்டு மொசைக் தரையில் மேசை. டீ காலையிலேயே போட்டு ஆறியிருந்தது. கண்ணாடி ஜாடியில் நல்ல கருஞ்சிவப்பாக இருந்தது. வோட்காவும் ஜின்னும் டெக்கீலாவும் அவர் அளந்து ஊற்றினார். வெள்ளை ரம் பாட்டில் மேசையில் இல்லை. நான் பரணிலிருந்து எடுத்து வந்தேன்.

"குடு மச்சான்."

"இது என் கையால ஊத்தணும். என் மாப்ளைக்கு நான் ஊத்தாம யாரு ஊத்தறது?"

"அளந்து ஊத்துபா. சாயத்தொட்டின்னு நெனச்சிக்காத."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் நீளக் கரண்டியால் கலக்க, நான் அளக்காமல் ஊற்றினேன். கௌரி ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு மேசையோரம் வந்து, "ஆரோக்கியம் மாமா, எனக்கும் ஒரு வாய். அம்மா கிட்ட சொல்லாதீங்க" என்று நீட்டினாள்.

ஜாடியில் டீ வெளுத்தது. கருஞ்சிவப்பு போய், நான் பார்க்கப் பார்க்க வெளிர் மஞ்சளானது. எலுமிச்சைகள் இன்னும் நறுக்காமல் தட்டில் கிடந்தன. எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. "பாத்தீங்களா மாப்ள கலர? தேன்" என்றேன்.

ஆரோக்கியசாமி அவர்கள் கரண்டியை நிறுத்தினார். இடது கையால் ஜாடியின் வயிற்றைத் தொட்டார். ஆறிப்போன டீ சுட்டிருக்கிறது. ஒரு தரம் என்னைப் பார்த்தார். கௌரியின் கிளாஸ் அவருக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஜாடியைத் தூக்கினார், தடுமாறினார், மேசைக்கு அந்தப் பக்கம், ஆள் இல்லாத மூலையில் ஜாடியோடு போட்டார்.

"சாரி தம்பி. காலையிலயே ரெண்டு போட்டுட்டேன். கை உதறுது" என்றார். அவர் வாயில் டீ வாசனையைத் தவிர வேறெதுவும் இல்லை. வேலைக்கு முன்னால் அவர் தொடவே மாட்டார்.

"எல்லாரும் உள்ள போங்க, கண்ணாடி குத்தும்" என்று சத்தம் போட்டார். மருமகன் முகம் சுளித்துக்கொண்டு கௌரியை அழைத்துப் போனார். அப்போதுதான் நான் தரையைப் பார்த்தேன். கொட்டிய இடத்தில் மொசைக் பொங்கிக்கொண்டு இருந்தது. சின்னச் சின்ன நுரை, சீறும் சத்தம். அவருடைய இடது பாதத்திலும் நாலு துளி தெறித்திருந்தது. பக்கெட் பக்கெட்டாகத் தரையில் தண்ணீரை ஊற்றிவிட்டு, கடைசியாகத்தான் தன் காலில் ஊற்றிக்கொண்டார்.

"அந்தப் பாட்டில எங்கேருந்து எடுத்த?"

"பரண் மேல."

"மோந்து பாத்தியா?"

பண்டிகைக்குப் பாத்ரூம் கழுவ நானே பட்டறையிலிருந்து கொண்டுவந்து வைத்த ஆசிட் பாட்டில். ரம் பாட்டிலும் அதே பரணில், நாலு விரற்கடை தள்ளி இருந்தது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்துரு. கௌரிக்குத் தெரிய வேணாம்பா. அப்பன் வீட்டுல இப்படி ஆச்சேன்னு ஆயுசுக்கும் நெனச்சிக்கினு இருக்கும். மாப்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா அந்தப் பொண்ண இந்த வாசப்படி மிதிக்க விடுவாங்களா? எனக்குக் கை தவறிடுச்சுன்னு சொல்லு. அத்தோட விட்டுரு."

நான் அத்தோடு விடவில்லை. பயந்தவனுக்கு வாய் சும்மா இருக்காது. சலூனிலும் டீக்கடையிலும் நெசவுக்குப் பாவு நூல் நீட்டுகிற இடத்திலும் அந்தக் கதையைச் சொன்னேன். இரண்டு கிளாஸ் அரை பாட்டில் ஆனது. பிறகு அவர் என் மருமகன் மேலேயே விழுந்ததாக ஆனது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கிற வரைக்கும் என் பரணை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று எனக்கு ஒரு கணக்கு. ராத்திரி படுத்தால் மட்டும் கண்ணுக்குள் கௌரி கிளாஸை நீட்டுவாள்.

மண்டபங்களில் அவரைக் கூப்பிடுவது குறைந்தது. ஒரு நாள் பட்டறைக்கு வந்து, காயப்போட்ட நூலைத் தடவிக்கொண்டே, "மச்சான், அந்தக் கதைய கொஞ்சம் கொறச்சிக்கோபா. மண்டபத்துல கேக்குறாங்க" என்றார். இருபது வருடத்தில் அவர் தனக்கென்று என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். "தமாசுக்குச் சொல்றது, அதையெல்லாம் எவன் நம்பறான்" என்று சிரித்தேன். ஒரு வாரம் வாயைக் கட்டினேன். மறு வாரம் ஒரு கல்யாணத்தில் மறுபடியும் சொன்னேன். அதன்பிறகு அவர் கேட்கவில்லை. கையுறைகளைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டதாக மேரியம்மாள் சொன்னார். என்னோடு பேசுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கியபோது விக்னேஷ் என் பக்கத்தில் நின்றார். "நல்ல மனுஷன் மாமா. பாவம், குடிதான் கெடுத்துடுச்சு" என்று மெதுவாகச் சொன்னார். என் கையில் ஒரு பிடி மண் இருந்தது. அதைக் குழிக்குள் போட முடியவில்லை. என் கால்மேலேயே கொட்டிவிட்டேன்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு ஒரு சின்ன நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். "நீங்கதான் நல்லா சொல்லுவீங்க, நீங்களே அவரப் பத்தி எழுதிக் குடுங்கண்ணா" என்றார் மேரியம்மாள். அங்கேயே, அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, ஊற்றியவன் நான் என்று சொன்னேன்.

"கால்ல அந்தத் தழும்பு. எண்ணெ தெறிச்சுதுன்னாரு. அதுக்கப்பறம் வீட்டுல தேங்கா எண்ணெ பாட்டிலக் கூட மோந்து பாத்துட்டுத்தான் குடுப்பாரு. வயசாயிடுச்சு, புத்தி கெட்டுப்போச்சுன்னு நான் திட்டுவேன்" என்றார் மேரியம்மாள். பிறகு, "எழுதுங்க. உங்க பேரப் போட்டு எழுதுங்க" என்றார். அண்ணா என்று அவர் சொல்லவில்லை.

கௌரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நான் நீட்டுன கிளாஸுக்காப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் பெங்களூரிலிருந்து வந்தார்கள். கார் என் வீட்டு வாசலில் நிற்கவில்லை, எதிர் வீட்டில் நின்றது. என் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், எதிர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. விக்னேஷ் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆரோக்கியசாமி அவர்களின் படத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கௌரி மேரியம்மாளின் மடியில் முகத்தை வைத்திருந்தாள். சாயங்காலம் புறப்படும்போது என் வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். உள்ளே வரவில்லை. இதை எழுதி முடிக்கும்வரை அவள் என்னோடு பேசவில்லை. இனிப் பேசுவாளோ மாட்டாளோ என்ற பயத்தோடுதான் கீழே என் பேரைப் போடுகிறேன்.

மண்டபக்காரர்கள் படியுங்கள். சலூனில் சிரித்தவர்கள் படியுங்கள். ஆரோக்கியசாமி அவர்களின் கை கடலில் தவறவில்லை, கரையிலும் தவறவில்லை. அன்று அவர் ஜாடியைக் கொட்டவில்லை, போட்டார். என் பெண் உயிரோடு இருக்கிறாள்.

போய் வாருங்கள் மச்சான்.

ஏகாம்பரம், சாயப்பட்டறை