சந்தியாகுவின் வலது தொடை

சந்தியாகுவின் வலது காலை முடமாக்கியவன் நான். அந்தப் பழியை இஞ்ஞாசியம்மாள் என்ற பெண்ணின் தலையில் ஏற்றிவைத்தவனும் நானே!

தெரியாமல் செய்துவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். தெரிந்தே செய்தேன். அதனால்தான் இத்தனை வருடங்கள் வாய் திறக்க முடியவில்லை.

என் பெயர் ராசையா. யுத்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்தேன். துப்பாக்கி பிடிக்க அல்ல, ஆஸ்பத்திரி வார்டு வேலைக்கு. காயம் ஆறிய பிறகும் கை கால் மடங்காமல் கிடந்த சிப்பாய்களுக்கு ஒரு வெள்ளைக்கார நர்ஸ் மசாஜ் செய்வார். சிஸ்டர் என்றுதான் அவரை அழைப்போம். எண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்ற என்னை ஒருநாள், “நீ செய்து பார்” என்றார்.

இரண்டு வருடங்கள் கற்றேன். உள்ளங்கையை முழுவதும் பதித்து இதயத்தை நோக்கி நீவுவது, தசையை எலும்பிலிருந்து தூக்கிப் பிசைவது, விரல் நுனியால் நாருக்குக் குறுக்கே தேய்ப்பது... எல்லாம் கை படிந்து வந்தன. என் கண் என் கையிலேயே இருந்தால் சிஸ்டர் அதட்டுவார். “அவன் முகத்தைப் பார்!” என்பார்.

ஒருநாள் கால்பந்து ஆடி அடிபட்ட சிப்பாய் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். சிஸ்டர் என் விரலைப் பிடித்து அவன் தொடையில் அழுத்தினார். உள்ளே கல்! எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். தொடை எலும்பை ஒட்டி, தசைக்குள் ஒரு வெள்ளைத் திட்டு.

“புதிதாக அடிபட்ட தசையை யாரோ பிசைந்திருக்கிறார்கள். கட்டிய ரத்தம் எலும்பாகிவிட்டது. வீக்கமும் சூடும் இருக்கும்வரை கை வைக்காதே. ஈரத்துணி, கட்டு, ஓய்வு. அவ்வளவுதான்.”

கேட்டீர்கள் அல்லவா? இதை நான் அறிந்திருந்தேன். என் விரலே அறிந்திருந்தது!

யுத்தம் முடிந்து தூத்துக்குடிக்குத் திரும்பினேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியின் முதலுதவி அறையில் வேலை கிடைத்தது. மாலையில் கடற்கரை மைதானத்துக்குப் போவேன். சங்கு குளிக்கிறவர்களும் தோணிக்காரர்களும் துறைமுகக் கூலிகளும் சேர்ந்து ஒரு கால்பந்துக் குழு வைத்திருந்தார்கள். அவர்களுடைய அடிகளையும் சுளுக்குகளையும் என் கைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆனால் யாரும் என்னிடம் வரவில்லை. எல்லாரும் சுளுக்கு எடுக்கிற இஞ்ஞாசியம்மாளிடம் போனார்கள்.

தோணியோடு கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள் அவள். நாற்பது வயதிருக்கும். கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருந்தாள். தசைகளின் பெயர்கள் எனக்கு இங்கிலீஷில் தெரியும். அவளுக்கு ஒரு பெயரும் தெரியாது. பெருவிரலை வைத்தால் போதும், நோவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். அவள் வாசலில் காத்திருக்கும் ஆட்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு எரியும். பொறாமைதான்... வேறு எந்த நல்ல பெயரும் அதற்கு வைக்க முடியாது.

மெல்ல மெல்ல இரண்டொருவர் என்னிடமும் வரத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில்தான் சந்தியாகுவுக்கு அடிபட்டது.

சந்தியாகு சங்கு குளிக்கிறவன். இருபத்து நான்கு வயது, கலியாணமாகி ஆறு மாதம். குழுவில் அதிகக் கோல் போடுகிறவன். செவ்வாய்க்கிழமை பயிற்சியில் கோல்கீப்பருடைய முழங்கால் அவன் வலது தொடையில் இடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைக் குழுவோடு பந்தயம்!

முதலில் அவளிடம்தான் தூக்கிப் போனார்கள். அவள் இலையை வைத்துத் துணியால் கட்டிவிட்டாள். மறுநாள் மாலை, குழுத் தலைவன் மிக்கேல் அவனைத் தாங்கியபடி என்னிடம் வந்தான்.

“அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை இவன் இல்லாம முடியாது. அந்தம்மா என்னன்னா, பதினஞ்சு நாளைக்கு ஓடப்படாது, ஒருத்தரும் தேய்க்கப்படாதுன்னு சொல்லுதா. நீங்க பட்டாளத்துல படிச்சவுக. என்ன சொல்லுதிய?”

கட்டை அவிழ்த்தேன். தொடை வீங்கி மினுமினுத்தது. கை வைக்கும் முன்பே சூடு தெரிந்தது.

அவள் சொன்னது சரி. சிஸ்டர் சொன்னதும் அதுவே. வேறு யார் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். ஆனால் சொன்னவள் அவள்! “அந்தம்மா சொன்னபடி செய்” என்று என் வாயால் சொன்னால், என் இரண்டு வருடப் படிப்புக்கு அப்புறம் என்ன மரியாதை?

நினைத்துப் பாருங்கள்... அவ்வளவு அற்பமான காரணம்!

“மூணு நாளு என் கையில விடு. ஞாயித்துக்கிழமை ஓடுவான்” என்றேன்.

மூன்று நாட்கள் பிசைந்தேன். அவன் துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொள்வான். நெற்றி வேர்வை காதுக்குள் வழியும். மடங்க மறுத்த முழங்காலை என் மார்பால் அழுத்தி மடக்கினேன்.

“அண்ணாச்சி, உள்ள என்னமோ கிழியுத மாரி இருக்கு...”

“அப்பிடித்தாம்லே இருக்கும். பொறுத்துக்கோ.”

அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. நாளுக்கு நாள் சூடு ஏறியது. என் கைக்கு அது தெரிந்தது. நிறுத்தியிருக்கலாம் அல்லவா? முதல் நாளோடு, இரண்டாம் நாளோடாவது நிறுத்தியிருக்கலாம்!

ஞாயிற்றுக்கிழமை சந்தியாகு ஓடினான். முதல் பாதியில் கோலும் போட்டான். கடற்கரையே என் பெயரைச் சொல்லிக் கத்தியது. கூட்டத்தில் இஞ்ஞாசியம்மாள் இருக்கிறாளா என்று என் கண்கள் தேடின. அவள் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன்... ஆம், அந்த நேரத்தில் என் கவலை அதுதான்.

இரண்டாம் பாதியில் அவன் விழுந்தான். நான்கு பேர் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

ஒன்றரை மாதம் கழித்தும் முழங்கால் மடங்கவில்லை. தொடையில் விரலை அழுத்தினேன். உள்ளே கல்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துப் போனேன். சந்தியாகுவும் அவன் மனைவி செபஸ்தியம்மாளும் வெளியே பெஞ்சில் இருந்தார்கள். உள்ளே டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்தார். அதே வெள்ளைத் திட்டு.

“அடிபட்டவுடன் இதைத் தேய்த்தது யார்?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

ஒரே சொல்தான் வேண்டியிருந்தது. நான்.

“ஊரில் சுளுக்கு எடுக்கிற ஒரு பெண், டாக்டர்.”

“இப்படிப்பட்டவர்களை ஜெயிலில் போட வேண்டும்” என்றார் அவர். நான் தலையாட்டினேன். தலையாட்டினேன்!

வெளியே வந்து அவர்களிடம் வேறொரு பொய்யைச் சொன்னேன். இலையை வைத்து இறுக்கிக் கட்டியதால் ரத்தம் உள்ளேயே உறைந்துவிட்டதாக டாக்டர் சொல்கிறார் என்றேன். டாக்டர் என்ன பேசினார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சந்தியாகு என் கையைப் பிடித்துக்கொண்டான். “நீங்க அம்புட்டுப் பாடுபட்டும் சரியாவலையே அண்ணாச்சி... மொதல்லயே ஒங்ககிட்ட வந்திருக்கணும்.”

ஊருக்குள் செய்தி பரவ இரண்டு நாள் போதுமாயிருந்தது. செபஸ்தியம்மாள் அந்தப் பின்தெருவில் நின்று, “எம் மாப்பிள்ளை காலைக் கெடுத்த ஒன் கை வெளங்காமப் போவும்ளா!” என்று மண்ணை வாரித் தூற்றினாள். இஞ்ஞாசியம்மாள் வாசற்படியில் அசையாமல் நின்றாள். தெருமுனையில் நானும் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

அதன் பிறகு அவள் வாசலுக்கு ஒருவரும் போகவில்லை. ஒருநாள் மத்தியானம் அவளே என் முதலுதவி அறைக்கு வந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.

“தம்பி, நான் எலைய வச்சுக் கட்டுனேன். அந்தக் கட்டை அவுத்தது நீரு. தேச்சதும் நீரு.”

“ஆமா” என்றேன். அவளிடம் பொய் சொல்ல நா எழவில்லை.

“அதைச் சந்தியாகுப் புள்ளையிட்ட சொல்லிரும். எனக்காண்டி இல்ல. இன்னமும் வாராவாரம் அந்த எடத்தைத் தேச்சுக்கிட்டு இருக்கீராமே? அதை நிறுத்தும். இன்னுங் கெட்டுப்போவும்.”

அவளுக்கு என் மேல் கோபம்கூட இல்லையா? இருந்திருக்கும். ஆனால் அந்தக் காலைப் பற்றித்தான் பேச வந்திருந்தாள்.

“சொல்லுதேன்” என்றேன்.

தேய்ப்பதை நிறுத்தினேன். உண்மையைச் சொல்லவில்லை. இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு அவள் ஆலந்தலைக்கு, தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

மடங்காத காலோடு சந்தியாகு இனிக் கடலில் இறங்க முடியாது. சங்குக் கிடங்கு வாசலில் அந்தக் காலை நீட்டி உட்கார்ந்து, மற்றவர்கள் எடுத்து வரும் சங்குகளைச் சிறியது, பெரியது என்று பிரிக்கிறான். வள்ளங்கள் கரை சேரும்போது மட்டும் குனிந்துகொள்வான். நிமிர்ந்து பார்க்க மாட்டான்.

அதற்குப் பிறகு எத்தனையோ கால்களைக் குணப்படுத்தினேன். சூடும் வீக்கமும் அடங்கும் முன்னால் ஒரு தசையையும் தொட்டதில்லை. இதெல்லாம் அந்த ஒரு காலுக்கு ஈடாகும் என்று நீங்கள் சொல்வீர்களா? சொல்லாதீர்கள்... நானே எனக்குச் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன்.

சென்ற மாதம் மனம் தாளாமல் ஆலந்தலைக்குப் போனேன். கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள் இஞ்ஞாசியம்மாள். தலை நரைத்துவிட்டது. அங்கே அவள் யாருக்கும் சுளுக்கு எடுப்பதில்லையாம். யாரேனும் கேட்டால் தெரியாது என்றுவிடுவாளாம். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

“அந்தப் புள்ளையிட்ட சொல்லிட்டீரா?”

“இல்ல...”

“அப்பம் எங்கிட்ட எதுக்கு வந்தீரு?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குனிந்து மீன்களைத் திருப்பிப் போடத் தொடங்கிவிட்டாள்.

நீங்களும் என்னிடம் அதையே கேட்கலாம். சொல்ல வேண்டியவனிடம் சொல்லாமல், உங்களிடம் எதற்குச் சொல்கிறேன்? கிடங்கு வாசலுக்கு என் அறையிலிருந்து நூறு அடி கூட இல்லை...

நேற்றுக் காலை சந்தியாகு சுவரைப் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தான். கூடவே கணுக்கால் வீங்கிய ஒரு தோணிக்காரன்.

“பயப்படாதலே, அண்ணாச்சி கை பட்டாப் போதும்” என்றான் அவனிடம். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

சொல்லியிருக்கலாம். நான் ஈரத்துணியை எடுக்கத் திரும்பினேன்.