நடு வட்டத்தில் விளக்கு

பெர்னடெட் மிஸ்ஸுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று கல்லூரியில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த ஆண்டு நடந்ததைப் பார்த்துக்கொண்டு கோபம் வராமல் இருந்தவர்களுக்குத்தான் ஏதோ கோளாறு.

இளவாலைக்காரி. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு தொழிற்கல்லூரியில் விளையாட்டுப் பொறுப்பாசிரியை. ஆண்கள் கூடைப்பந்து அணிக்கும் அவள்தான் பயிற்றுநர். கல்லூரியின் பெயர் வேண்டாம், அது தன் பெயரைத் தானே போதிய அளவு பதாகைகளில் போட்டுக்கொள்ளும். நடக்கும்போது வலது காலைச் சற்று இழுப்பாள். பத்தொன்பது வயதில் விளையாடப் போன இடத்தில், மழை பெய்து ஓய்ந்த தரையில், "ஒண்டும் செய்யாது பிள்ளை, இறங்கு" என்று ஒரு பெரிய மனிதர் சொன்னார். இறங்கினாள். முழங்கால் சவ்வு அறுந்தது. சொன்னவர் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகாட்டவே இல்லை. அன்றிலிருந்து 'ஒண்டும் செய்யாது' என்று யார் சொன்னாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சுற்றுப்போட்டி தை மாதம் தொடங்கியது. தொடங்கிய கிழமையே கல்லூரியின் கூடைப்பந்துத் திடல் பறிபோனது. பரிசளிப்பு விழா என்று பந்தல் போட்டார்கள். விழா முடிந்தது, கதிரைகள் போகவில்லை. பிறகு பொங்கல் விழா. பிறகு யாரோ அதிகாரிக்குப் பிரியாவிடை. "ரெண்டு நாள் பொறுங்கோ மிஸ்" என்று கல்லூரி அதிபர் ஒவ்வொரு முறையும் சொன்னார். அந்த இரண்டு நாள் மாசி முடியும்வரை இழுபட்டது. முதல் ஆட்டத்தில் பெடியள் தோற்றுப்போய் வந்தார்கள். பந்தையே தொடாதவன் தோற்காமல் என்ன செய்வான்!

கடைசியில் சுபாங்கன் வீடுதான் கைகொடுத்தது. அணியில் எல்லாரையும்விட உயரமானவன் அவன். தகப்பன் வெங்காயம் செய்கிறவர். வெங்காயம் காயப்போடும் சீமெந்துத் தளத்தின் ஓரத்தில் இரும்புக் குழாய் நட்டு ஒரு வளையம் பூட்டினார்கள். ஒவ்வொரு பின்னேரமும் பந்துக்கு முதல் விளக்குமாற்றைத்தான் பெர்னடெட் எடுத்து நீட்டுவாள்.

"ஒரு சருகு கிடக்கக் கூடாது. சறுக்கினால் ஆயுளுக்கும் நொண்டுவியள், என்னைப் போல."

முணுமுணுத்துக்கொண்டே கூட்டுவார்கள். உடம்பெல்லாம் வெங்காய நாற்றம். மற்ற அணிக்காரர் 'வெங்காய ரீம்' என்று பட்டம் வைத்தார்கள். அந்த வெங்காய ரீம் அதன்பிறகு ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் இறுதியாட்டத்துக்கு வந்து நின்றது. கல்லூரி தொடங்கிய காலத்திலிருந்து நடக்காத காரியம்.

அப்போதுதான் இப்படி ஒரு அணி தன்னிடம் இருப்பதே அதிபருக்குத் தெரிந்தது. ரொறன்ரோவிலிருந்து தவநேசன் என்ற பழைய மாணவர் வந்திருந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. தன் தகப்பன் கதிரவேலுவின் நினைவாகத் திடலுக்கு, வளையங்களுக்குப் பின்னால் நிற்க இரண்டு கண்ணாடிப் பலகைகள் போட்டுக் கொடுத்திருந்தார். அதிபர் ஓடித்திரிந்து இறுதியாட்டத்தைத் தன் திடலுக்கே எடுத்து, அதோடு திறப்பு விழாவையும் சேர்த்துக் கட்டினார். குத்துவிளக்கை எங்கே வைப்பது என்றதற்கு, திடலின் நடு வட்டத்தில் என்றார்.

"மேடையில வையுங்கோ சேர். விளையாடுற இடத்தில என்னத்துக்கு எண்ணெய்?"

"ட்ரோன் கமரா வருது மிஸ். மேலை இருந்து பாக்க வட்டமும் விளக்கும் வடிவா விழும். கனடாவில சனம் நேரலையில பாக்கும்."

வைகாசி மாதம், சோளகக் காற்று சுழன்றடிக்கிறது. திரி கொளுத்தக் கொளுத்த அணைந்தது. அணைய அணைய எண்ணெய் ஊற்றினார்கள். விருந்தினர் எல்லாரும் ஆளுக்கொரு திரி ஏற்றி, ஆளுக்கொரு பேச்சும் பேசி முடிக்கப் பெடியளின் உடம்பு சூடெல்லாம் ஆறிவிட்டது. பிறகு இரண்டு பேர் விளக்கைத் தூக்கினார்கள். தூக்கின தூக்கில் அது சரிந்து, எண்ணெய் வட்டம் முழுக்க ஓடியது. ஒருவன் ஒரு கை மணலை அள்ளித் தூவிவிட்டுப் போனான். அவ்வளவுதான் துப்புரவு!

பெர்னடெட் சப்பாத்தால் அழுத்திப் பார்த்தாள். கால் வழுக்கிக்கொண்டு போனது.

"சேர், அரை மணித்தியாலம் தாங்கோ. சவுக்காரத் தூள் போட்டுக் கழுவிக் காயவிடுவம்."

"இருட்டுப் பட்டிடும் மிஸ். மண் போட்டிருக்குத்தானே, ஒண்டும் செய்யாது." பிறகு அவளுடைய கழுத்துச் சிலுவையைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "விளக்குக் கொளுத்தின இடத்தை உடனை கழுவிறதோ? உங்களுக்கு உது விளங்காது."

உங்களுக்கு! இத்தனை வருடம் அவருடைய வாணி விழாப் பூசைக்குக் கடலை அவித்தபோது அந்த 'உங்களுக்கு' எங்கே போயிருந்தது? அவள் வாயைத் திறப்பதற்குள் அணித் தலைவன் கஜீபன் முந்திவிட்டான். நெற்றி நிறையத் திருநீறு.

"எங்கடை வீட்டிலையும் விளக்குக் கொளுத்திறதுதான் சேர். எண்ணெய் சிந்தினால் அம்மா துடைப்பா."

அதிபரின் முகம் கறுத்தது. நடுவர் அதிபரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், விசிலை ஊதினார். மானங்கெட்ட விசில். எதிர்த்து ஆட வந்த கரவெட்டி அணி இறங்கியது. அவர்களின் பயிற்றுநர் றெஜி எதையும் காணாதவர் போல் நின்றார். பெர்னடெட்டின் பெடியள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். கோப்பை மேசையில் மினுங்கியது. வெங்காயச் சருகு கூட்டிக் கைக்கெட்டும் தூரம்வரை கொண்டுவந்த கோப்பை. இறங்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும், இறங்கிவிடுவார்கள். அவளும் அன்றைக்கு அப்படித்தான் இறங்கினாள்.

"ஒருத்தரும் இறங்கக் கூடாது," என்றாள். "இருங்கோ."

இருந்தார்கள். சுபாங்கன் மட்டும் துவாயால் முகத்தை மூடிக்கொண்டான். விதிப்படி பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு, கரவெட்டி வென்றதாக நடுவர் கையைத் தூக்கினார். ஆடாமலே வெற்றி. பெர்னடெட்டுக்கு யாரையாவது அறையவேண்டும் போலிருந்தது.

கோப்பையையும் நடு வட்டத்தில் வைத்துத்தான் கொடுக்கவேண்டும் என்று அதிபர் பிடிவாதம் பிடித்தார். மேலே ட்ரோன் இரைந்துகொண்டு நின்றதே! தவநேசன் மினுங்கும் சப்பாத்தோடு, கோப்பையை நெஞ்சில் அணைத்தபடி வட்டத்துக்குள் காலை வைத்தார். கால் ஒரு பக்கம், கோப்பை ஒரு பக்கம். பாவம் மனிசன், முழங்கால் மடிந்து விழுந்தார்.

சிரித்தவர்களும் இருந்தார்கள். பெர்னடெட் சிரிக்கவில்லை, இழுக்கும் காலோடு ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் அதிபர் அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "ஒண்டும் செய்யாது, எழும்புங்கோ. கமரா ஓடுது."

"கையை எடடா!"

அதிபரைப் பார்த்து, 'எடடா' என்று. ரொறன்ரோ முழுக்கக் கேட்டிருக்கும். அதிபர் கையை எடுத்தார். பெர்னடெட் எண்ணெயிலேயே இருந்து தவநேசனின் காலை மடியில் ஆடாமல் பிடித்தாள். சுபாங்கன் ஐஸ் பெட்டியோடு ஓடி வந்தான். மனிசன் வலியில் அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார், அம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை.

எல்லாரும் போன பிறகு அவள் வாளியும் சவுக்காரத் தூளும் எடுத்து வந்து வட்டத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். யாரும் சொல்லாமலே பெடியளும் வந்து குந்தினார்கள். கரவெட்டிக்காரரின் வான் கோப்பையோடு வாசல் படலையைத் தாண்டிப் போனது.

"கப் போச்சு மிஸ்," என்றான் சுபாங்கன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஓம், போச்சு. எங்கை, எழும்பிக் காலை மடக்கு."

மடக்கினான்.

"நீட்டு."

நீட்டினான். நெட்டைக் கால், ஒரு குறையும் இல்லாத முழங்கால். இது போதும் என்று அவனுக்குச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. போதாது. காலும் அவனுடையது, கோப்பையும் அவனுடையதாகத்தான் இருந்திருக்கவேண்டும். குனிந்து இன்னும் பலமாகத் தேய்த்தாள்.