ஆண்டியப்பன் பெரிய வண்டி கேட்டார்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆண்டியப்பன் மாமாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் சலிப்பு வேலை. பெரிய தூள், நடுத்தரத் தூள், டஸ்ட் என்று சல்லடையில் பிரித்துப் பிரித்து, உலகத்தையே அப்படித்தான் பார்ப்பார். லயத்து நாய்களைக்கூட மூன்று சைஸாக வகுத்து வைத்திருக்கிறார். என்னை டஸ்டில் போட்டிருக்கிறார், அது வேறு விஷயம்.

இறம்பொடை ரோட்டில் எந்த ஜீப் போனாலும் நின்று விளக்கம் சொல்வார்.

"டொயோட்டான்னா எல்லாம் ஒண்ணாடா? பிராடோ பெரிய சைஸு. ஏழு பேரு தாராளமா ஒக்காரலாம். ரஷ்ஷு அதுக்கு ரெண்டு சல்லடை கீழ."

இரண்டிலும் அவர் ஏறியது கிடையாது.

போன மாசியில் அவர் பெண்சாதி ஜீவராணி அத்தை கொழுந்து பறிக்கும்போது சரிவில் விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டார். கண்டியில் ஆபரேஷன். கால்களில் கொஞ்சம் உணர்வு திரும்பியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: நேராகக் கிடக்க வேண்டும், முதுகு வளைந்தால் கால் போய்விடும்.

அத்தையைக் கண்டியிலிருந்து கொண்டுவர மாமா வண்டி கேட்டுப் போனார். டவுனில் நிப்ராஸ் நானாவிடம் வாடகைக்கு ஒரு பிராடோவும் ஒரு ரஷ்ஷும் இருந்தன.

"ரஷ்ஷ எடுங்கண்ணே. அக்கா குள்ளம்தானே, சீட்ட மடக்கினா நேரா படுக்கலாம்."

"சின்ன வண்டியில எம் பொஞ்சாதிய மடிச்சு வைக்கவா? பெரிசக் குடுங்க நானா."

"ஒங்க தோட்டத்து ரோட்டுல மண்ணு சரிஞ்சிருக்காமே?"

"அதெல்லாம் அகலம் இருக்கு. டெய்லி நாந்தானே நடக்கிறேன்."

பிறந்ததிலிருந்து அந்த ரோட்டில் நடந்தே போனவர். நடக்கிறவருக்கு அது அகலம்தான்.

பிராடோ குலுங்காமல் மலை ஏறியது. அத்தை பின்னால் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார்.

"எப்புடி இருக்கு புள்ள?"

"தொரசாணி கணக்கா வாறேன்."

லயத்துக்குக் கீழே, மண் சரிந்த இடத்தில் வண்டி நின்றது. நிப்ராஸ் நானா மழையில் இறங்கிச் சக்கரத்தையும் பள்ளத்தையும் பார்த்தார்.

"ஒரு சாண் வெளிய தொங்கும்ணே. போக ஏலாது. அக்காவோடயே ரிவர்ஸ்ல டவுனுக்குப் போய் ரஷ்ஷுக்கு மாத்திக் கொண்டாறேன், அதுவரைக்கும் அக்கா அசையாமப் படுத்திருக்கட்டும்."

மாமாவும் இறங்கினார். உள்ளே பெரிதாக இருப்பது வெளியேயும் பெரிதாகத்தான் இருக்கும் என்பதை அப்போதுதான் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் லயத்து ஆட்கள் கம்பளியோடு ஓடி வந்துவிட்டார்கள். எங்கள் மலையில் யாருக்கு என்ன ஆனாலும் கம்பளியில் போட்டுத் தூக்குவதுதான் வழக்கம். யாரும் யாரையும் கேட்பதில்லை. பின்கதவைத் திறந்து, நாலு மூலையையும் பிடித்து, அவ்வளவு பாசமாகத் தூக்கினார்கள்.

"வளைக்காதீங்கடா!"

மாமா கத்திக்கொண்டு அந்தப் பக்கம் வருவதற்குள் கம்பளி நடுவில் தொய்ந்துவிட்டது. அத்தை அதற்குள் தொட்டில் பிள்ளையைப் போல மடிந்து கிடந்தார். அத்தையிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பிராடோவின் வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டில் பலகையில் கிடத்தினார்கள். எல்லாரும் வெளியே போனபின் மாமா அத்தையின் காலடியில் உட்கார்ந்தார்.

"கால அசை புள்ள."

"அசைச்சிட்டேனே. தெரியலையாங்க?"

மாமா அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியுது, தெரியுது."

"இன்னும் அசைக்கவா?"

"போதும் புள்ள. களைச்சுப் போயிருப்ப."