பக்கோடா வைத்த தகடு

திருச்செங்கோட்டில் இருக்கும் என் அண்ணனுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டித் தொழில். கையில் நாலு காசு சேர்ந்ததும் பழம்பொருள் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஓமலூர்ப் பக்கம் எப்போதோ மூடிப்போன ஒரு சுரங்கத்தின் குடியிருப்பு ஆளில்லாமல் கிடக்கிறது. கூரை விழுந்த வரிசை வீடுகள், உள்ளே வேலிக்கருவேல். போன தை மாதம் அண்ணன் அங்கே மண்ணைக் கிளறி, ஒரு சாக்கு இரும்பு கொண்டுவந்தார்.

சில, மேல்விளிம்பில் இரண்டு வளையம் வைத்த சதுரத் தகடுகள். மற்றவை முறம்போல் உள்வளைந்தவை, பின்னால் குட்டையான பிடி. இவற்றின் முன்விளிம்பு மட்டும் கத்திபோலத் தேய்ந்திருந்தது. என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. அண்ணனின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போர்க்கவசம் என்றார், இன்னொருவர் வெல்லம் வழிக்கும் தகடு என்றார். அண்ணனுக்குக் கவசம்தான் பிடித்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கினார். நான் போயிருந்த அன்று வளைந்த தகடு ஒன்றில் வெங்காயப் பக்கோடாவைக் குவித்து என் முன்னால் வைத்தார்.

"சாப்புடு அம்மிணி. ராசா காலத்துத் தட்டு."

சாப்பிட்டேன். தகட்டில் ஒட்டியிருந்த தூளையும் விரலால் வழித்துத் தின்றேன்.

அடுத்த வாரம் அவரோடு நானும் அந்தக் குடியிருப்புக்குப் போனேன். அவர் முன்பக்கம் தோண்டிக்கொண்டிருக்க, நான் வீடுகளின் பின்பக்கம் போனேன். இரண்டு வரிசைகளுக்கும் நடுவே ஒரு ஆள் ஒடுங்கி நடக்கும் அளவுக்கு ஒரு சந்து. ஒவ்வொரு பின்சுவரிலும் தரையை ஒட்டி ஒரு பொந்து. ஒன்றில் மட்டும் அதே சதுரத் தகடு, இரண்டு வளையமும் கொக்கிகளில் மாட்டியபடி, திரைபோலத் தொங்கியது.

குந்தி உட்கார்ந்து அதைத் தூக்கிப் பார்த்தேன். மேலே கால் வைக்க இரண்டு கற்கள், நடுவில் ஓட்டை. கீழே சிமெண்டுத் தரை முழுக்கப் பிறை பிறையாகச் சுரண்டிய தழும்பு. உட்கார்ந்திருந்த என் முகம் அந்த ஓட்டைக்கு நேராக இருந்தது. நாள் தவறாமல் ஒருவர் இப்படித்தான் உட்கார்ந்து, கையை உள்ளே விட்டு, வளைந்த தகட்டால் மலத்தை வழித்து எடுத்திருக்கிறார். பக்கோடாத் தூளை வழித்த விரல் நினைவுக்கு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

சத்தம் கேட்டு ஓடிவந்த அண்ணனிடம் பொந்தைக் காட்டினேன். பார்த்ததும் அவர் முகம் கோணிப்போயிற்று. வீட்டுக்குப் போய் நான்தான் சொன்னேன். அதைக் கேட்டதும் அண்ணி ஓங்கரித்துக்கொண்டே ஓடினார். அன்றே சமையலறைப் பாத்திரமெல்லாம் வெந்நீரில் விழுந்தது. தகடுகள் குச்சியால் வாசலுக்குத் தள்ளப்பட்டன.

மறுநாள் காலை அண்ணன் தெருக்கூட்டுகிறவரைக் கூப்பிட்டார்.

"இதையெல்லாம் எடுத்துட்டுப் போய் எங்கயாச்சும் வீசிருப்பா."

அவர் குனிந்து பார்த்தார். "இரும்புதானுங்களே. காயலான் கடையில நீங்களே போட்டுரலாமுங்களே?"

"நாங்க எப்படித் தொடறது? அதுக்குன்னு ஆளு இருக்கறப்ப?"

அவர் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நான் அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"என்னங்ணா பேசறீங்க? ஒரு மாசமா நீங்கதான கட்டிப்புடிச்சுத் தேச்சீங்க!"

"அப்பத் தெரியாதில்ல சாமி."

நானே அள்ளினேன். கூசத்தான் செய்தது. எண்ணெய்ப் பிசுக்கு உள்ளங்கையில் ஒட்டியபோது உடம்பு சிலிர்த்தது. சங்ககிரி ரோட்டுக் காயலான் கடையில் காரை நிறுத்தி இறக்கினேன். கடைக்காரர் தராசில் தூக்கிப் போட்டார்.

அண்ணன் அந்தக் குழுவில் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. கவசம் திருட்டுப் போய்விட்டதாம். ஆளாளுக்கு வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள். போன மாதம் அவர் வீட்டு விசேஷத்துக்குப் போனேன். அண்ணி புதுத் தட்டில்தான் பரிமாறினார். அண்ணன் பக்கத்தில் நின்று, "நல்லாச் சாப்புடு அம்மிணி" என்றார். "அதுக்குன்னு ஆளு இருக்கறப்ப" என்றதும் இதே குரல்தான். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கை கழுவிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.