மல்லிக்காட்டில் கூஸ் வாத்து

சாப்பாட்டுக் கடை வைத்தால் உட்கார நேரமிருக்காது, மானாவாரி விவசாயம் பார்த்தால் தூக்கமிருக்காது. எனக்கு இரண்டும் வாய்த்திருக்கிறது. பரளச்சி போகிற ரோட்டில் சின்னக் கடை, கண்மாயை ஒட்டி ஒரு ஏக்கர் கொத்தமல்லிக்காடு. என்னைப் போல இரண்டிலும் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஓனர் இல்லாத வாத்து

கண்மாய்க்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் கூஸ் வாத்துப் பண்ணை போட்டார். நொடித்துப்போனதும் கதவைத் திறந்துவிட்டுப் போய்விட்டார். வாத்துகள் கண்மாயில் இறங்கிப் பெருகிவிட்டன. ஐப்பசி மழைக்கு மல்லி இரண்டு இலை விட்டதுதான் தாமதம், களையெடுக்க வந்த ஆட்கள் மாதிரி நிரை பிடித்து மேய்ந்தன. விரட்டப் போனேன், திருப்பி என்னை விரட்டின. மழையை நம்பி ஒரே ஒரு வெள்ளாமைதான் எங்களுக்கு. வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.

பஞ்சாயத்து ஆபீஸில் போய்ச் சொன்னேன். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வளர்த்த பிராணி மேல நாங்க கை வைக்க முடியாதும்மா. ஓனரைக் கூட்டிட்டு வாங்க."

சேலை வலை

ஓனருக்கு எங்கே போக? நாமே பிடித்துக் குழம்பு வைத்துவிடலாம் என்றான் என் கொழுந்தன் கருப்பசாமி. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். என் பழைய சேலைகளை ஒன்றாகத் தைத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து வாத்துகளை மடக்கினோம். முதல் நாள் சேலை கிழிந்ததுதான் மிச்சம். குனிந்தவனைப் பின்னால் வந்து ஒன்று நன்றாகக் கவ்விவிட்டது.

தடவிக்கொண்டே கேட்டான்: "நாயி கடிச்சா ஊசி இருக்கு மதினி. வாத்து இந்த எடத்துல கடிச்சிருச்சுன்னு ஆஸ்பத்திரில எப்பிடிச் சொல்ல?"

வேகாத கறி

மறுநாள் இரண்டு சிக்கின. பிடிப்பதாவது பரவாயில்லை. இறகு பிடுங்கி, தீயில் வாட்டி, மசாலா அரைத்து ஏற்றினால் குக்கர் கத்திக் கத்தி ஓய்ந்ததே தவிர கறி வேகவில்லை. தினமும் சாப்பிட வரும் லாரி டிரைவர் ஒருவருக்கு முதல் தட்டை வைத்தேன். ரொம்ப நேரம் மென்றார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "ருசி இருக்குக்கா. பல்லுதான் பத்தல."

இரண்டாம் விதைப்பு

பப்பாளிக்காய் போட்டு வேகவைத்தபின் கறி பஞ்சாகிவிட்டது. பாலவனத்தத்திலிருந்து பைக்கில் வந்து கேட்டார்கள். கருப்பசாமியும் ஓயாமல் பிடித்துக் கொடுத்தான். ஒரு வழியாகக் கண்மாயில் சத்தமே இல்லை. ஈரம் காயுமுன் கடைக்கு அரைக்க வைத்திருந்த மல்லியை உடைத்து மறுபடி விதைத்தேன். முளைத்தும் விட்டது. மழைக்குக் கும்பிடு போட்டேன்.

ஒரு விடியற்காலையில் மறுபடி அந்தச் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், குஞ்சும் குட்டியுமாக மேய்ந்து முடித்துக் கரையேறிக்கொண்டிருந்தன. நாலு தண்டுகூட மிச்சமில்லை. அத்தனையையும் பிடித்தாயிற்று என்றாயே என்று கருப்பசாமியிடம் கத்தினேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன மதினி இப்பிடிக் கேக்குறீக? அடுத்த வருசம் கடைக்குக் கறி வேணாமா? வெதைக்குன்னு நாலஞ்சு சோடிய நாணலுக்குள்ள ஒதுக்கிட்டுத்தான மத்தத பிடிச்சேன்!"

அவன் ஒதுக்கிய விதை பெருகிவிட்டது, நான் போட்ட விதை அதன் வயிற்றுக்குப் போய்விட்டது, அந்த வாத்தை வேகவைக்க இப்போது மல்லியை டவுனில் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.