மூடிய பெட்டியின் உயரம்

1. செவ்வாய்க்கிழமைக் கூட்டம்

அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலைக் கூட்டத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். ஆய்வுக் குழுவின் தலைவர் டாக்டர் ரோசலின், முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டில் இருந்த குணா, எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளரான நான். ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை. புரொஜெக்டர் சூட்டுக்கு ஏர்கான் ஈடுகொடுக்க முடியாத சின்ன அறை. குணா தன் புதிய வரைபடத்தைத் திரையில் போட்டார். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் படத்தில் தெரிந்த எந்தப் புள்ளியும் நான்கைத் தாண்டவில்லை. எண்ணிக்கையைக் காட்டும் இடப்பக்க அச்சு மட்டும் பன்னிரண்டு வரை நீண்டிருந்தது.

இதில் என்ன இருக்கிறது என்று புரிய, எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

உலகம் எந்தெந்தத் துகள்களால் ஆனது என்பதற்கு இயற்பியலில் ஒரு பட்டியல் உண்டு. ஸ்டாண்டர்ட் மாடல் என்று அதற்குப் பெயர். நன்றாக வேலை செய்கிற பட்டியல், ஆனால் முழுமையானதல்ல. விண்மீன் கூட்டங்களைச் சிதறாமல் பிடித்து வைத்திருக்கும் இருண்ட பொருள் எதனால் ஆனது என்று அதில் இல்லை. அதனால் பட்டியலுக்கு வெளியே தேடுகிறோம். பல நாட்டவர் சேர்ந்த எங்கள் கூட்டுக் குழு தேடுவது, எலெக்ட்ரானின் மின்னூட்டத்தில் மிகச் சிறிய பங்கு மட்டுமே கொண்ட ஒரு துகளை. அப்படி ஒன்று இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

கருவி வெளிநாட்டில், ஒரு துகள் முடுக்கிக்குப் பக்கத்துச் சுரங்கத்தில் இருக்கிறது. சிண்டிலேட்டர் என்கிற பிளாஸ்டிக் கட்டைகள் நான்கு அடுக்காக நிற்கின்றன. துகள் ஊடுருவிப் போனால் கட்டை மினுக்கென்று ஒளிரும். கட்டையின் முனையில் உள்ள டியூப் அந்த ஒளியை மின்துடிப்பாக மாற்றும். நாங்கள் தேடும் துகள் நான்கு அடுக்கையும் ஒன்றன்பின் ஒன்றாக, மிக மங்கலாக மினுக்க வைக்க வேண்டும். தொல்லை என்னவென்றால், டியூப் சும்மா இருக்கும்போதும் துடிக்கும். அந்த இரைச்சலை அளப்பதும் குறைப்பதும் என் வேலை. குணாவின் வேலை, சுரங்கத்திலிருந்து வரும் தரவை அலசுவது.

ஆசைப்பட்டது இல்லாதபோதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பது எங்கள் துறையில் எல்லோரும் அறிந்த ஆபத்து. அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். புதிய துகள் இருந்தால் வரைபடத்தில் எந்தப் பகுதியில் தெரியுமோ, அந்தப் பகுதியை மூடி வைத்துவிடுவோம். அதற்குப் பெட்டி என்று பெயர். எந்தத் துடிப்பை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்ற எல்லா விதிகளையும் முடிவு செய்த பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்த பிறகு விதியை மாற்றக் கூடாது.

குணாவின் படத்தில் பெட்டி சாம்பல் நிறத்தில் மூடித்தான் இருந்தது. ஆனால் அச்சின் நீளத்தை மென்பொருள் தானாகவே தீர்மானித்திருந்தது. மூடியிருந்ததையும் சேர்த்து.

“குணாண்ணே, அந்த அச்சு ஏன் பன்னெண்டு வரைக்கும் போகுது?” என்று கேட்டேன்.

“ஆட்டோஸ்கேல் லா. அது பாட்டுக்கு...” அதோடு நின்றுவிட்டார்.

“அலமாக்!” டாக்டர் எழுந்து கையை விரித்துக்கொண்டு திரைக்கு முன்னால் நின்றார். படம் அவர் பாஜு குரோங் உடையின் மேல் விழுந்தது. “மூடு பா! லேப்டாப்ப மூடு!”

குணா மூடினார். ஆனால் பார்த்தது பார்த்ததுதான். பெட்டிக்குள் பதினொன்றோ பன்னிரண்டோ உயரத்தில் ஒரு புள்ளி நிற்கிறது. வெறும் இரைச்சல் என்றால் அங்கே நான்குதான் வந்திருக்க வேண்டும்.

2. கேண்டீன்

விதிகளில் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. துகள் ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று நமக்குத் தெரியும். துடிப்பு அந்த நேரத்துக்கு எவ்வளவு அருகில் வந்தால் ஏற்றுக்கொள்வது என்பதே கேள்வி. அகலமான இடைவெளி வைத்தால் மங்கலான துகள் தப்பிப் போகாது. ஆனால் இரைச்சலும் உள்ளே வரும். குறுகலாக வைத்தால் இரைச்சல் குறையும்; துகளையும் இழக்கலாம். இரண்டுக்கும் நியாயம் உண்டு. குணா ஆரம்பத்திலிருந்தே அகலத்தின் பக்கம். அன்றைய படத்தையும் அகலமான இடைவெளி வைத்துத்தான் போட்டிருந்தார்.

அவருக்கு அவசரமும் இருந்தது. சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் அவரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஆண்டு முடிவதற்குள் ஆய்வேட்டை ஒப்படைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நடந்ததைக் கூட்டுக் குழுவிடம் சொன்னால் எல்லாம் தள்ளிப்போகும்.

மதியம் கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். பாலில்லாத ஐஸ் தேநீர், தே ஓ ஐஸ் மட்டும் வாங்கியிருந்தார்.

“பாத்தது நாம மூணு பேரு. மூணு பேரும் வாய மூடிட்டா முடிஞ்சது லா.”

“நீங்க எந்த இடைவெளிய எடுப்பீங்க?”

“அகலம்தான். நேத்தும் அதான் சொன்னேன், இன்னிக்கும் அதான்.”

“நேத்து சொன்னப்ப உங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. இன்னிக்குத் தெரியும். குறுகலா வெச்சா அந்தப் புள்ளி எறங்கிடுமோன்னு பயம் வராதா?”

“என்னைய கள்ளன்னு சொல்றியா, ஷர்மி?”

“இல்லண்ணே. எனக்கும் அது நெஜமா இருக்கணும்னு ஆசையா இருக்கு. காலையிலருந்து வேற நெனப்பே இல்ல. அதனாலதான் சொல்றேன், அத நானும் முடிவு பண்ணக் கூடாது.”

அவர் ஐஸை ஸ்ட்ராவால் குத்திக்கொண்டே இருந்தார். “உன் கண்ணு இருக்கே, கஸ்டம்ஸ்ல இருக்க வேண்டிய கண்ணு. நீ நின்னா ஒருத்தன் ஒரு பாக்கெட் சிகரெட் கடத்த முடியாது.”

பிற்பகல் டாக்டரின் அறையில், குணாவும் இருக்கும்போது, மூன்று வழிகளை எழுதி வைத்தேன்.

அ. யாரிடமும் சொல்லாமல் இருப்பது.

ஆ. இந்தத் தரவை விட்டுவிட்டு, இனி வரும் தரவை மட்டும் அலசுவது.

இ. படத்தைப் பார்க்காத வேறொரு குழு, கணினியில் உருவாக்கிய மாதிரித் தரவை மட்டும் வைத்து இடைவெளியை முடிவு செய்வது. அவர்கள் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஏற்பது.

டாக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார். “மொதல்ல இருக்கிறத ஏன் மா போட்ட?”

“அதுவும் ஒரு வழிதானே டாக்டர். போடலன்னா லிஸ்ட் முழுசா இருக்காது.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குணாவைப் பார்த்தார். “உன் பேர்ல வரப்போற ரிசல்ட் பா. நான் கட்டாயமா சொல்லித்தான் ஆகணும். ஆனா எப்படின்னு நீ சொல்லு.”

குணா தாளைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார்.

“மூணாவது,” என்றார். “படம் போட்டவன் நான். கூட்டுக் குழுவுக்கு நானே எழுதறேன்.”

3. திறந்த நாள்

படத்தைப் பார்க்காத குழு வேறொரு கண்டத்தில் இருந்தது. அவர்களுக்கு அவர்களுடைய வேலை. மாதங்கள் ஓடின. சிங்கப்பூர் நிறுவனம் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அந்த வாரம் குணா என்னிடம் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஒரு நாள் நான் எங்கள் ஆய்வகத்து டியூப்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஒளி புகாத சோதனைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை வைத்துவிட்டு, “சாப்பிட்டுட்டு சோதி. டியூப் எங்கயும் ஓடாது,” என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தோடு அது முடிந்தது.

பதில் வந்தது: குறுகலான இடைவெளி.

பெட்டியைத் திறக்கும் நாளில் எல்லா நாட்டவரும் வீடியோ அழைப்பில் இருந்தார்கள். குணாதான் கட்டளையைத் தட்டினார். சாம்பல் நிறம் போனது. உள்ளே புள்ளியின் உயரம் மூன்று. குறுகலான இடைவெளியில் இரைச்சலுக்கு நாங்கள் கணித்ததும் மூன்று.

தூரத்தில் எங்கோ ஒருவர் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். புதிய துகள் இல்லை. அப்படி ஒன்று இருந்தாலும், எங்கள் கருவி பார்க்கக்கூடிய எல்லைக்குள் இல்லை. அடுத்துத் தேடுகிறவர்கள் எந்த இடத்தை விட்டுவிடலாம் என்று இனி உறுதியாகச் சொல்லலாம். அதுதான் எங்கள் முடிவு.

முடிவு பதிவான பிறகு, தெரிந்துகொள்வதற்காக மட்டும் அகலமான இடைவெளியையும் போட்டுப் பார்த்தோம். பதினொன்று. அந்த அதிகப்படித் துடிப்புகள் எங்கிருந்து வந்தன என்று தேடுவது என் பங்கு. அதற்கு இரண்டு வாரம் போல ஆனது. ஒளியின் வேகத்தில் போனாலும் துகளுக்கு முதல் அடுக்கிலிருந்து நான்காவதற்குப் போகச் சற்று நேரம் பிடிக்கும். இவை நான்கு அடுக்கிலும் ஒரே கணத்தில் வந்திருந்தன. எந்தத் துகளும் அப்படி வராது. ஒரே ஒயரில் தொங்கும் கருவிகள்தான் அப்படித் துடிக்கும். இணைப்புப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அடுக்குக்கு ஒன்றாக நான்கு டியூப்கள் ஒரே பவர் சப்ளையில் இருந்தன.

குணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அப்ப நான் கண்டுபிடிச்சிருக்க வேண்டிய புதுத் துகள் ஒரு பவர் சப்ளையா?”

“பேரு கூட வெச்சிருக்கலாம் ணே.”

“குணாட்ரான்,” என்றார். சிரிக்க ஆரம்பித்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

அந்தப் பவர் சப்ளை அவருடைய ஆய்வேட்டில் ஒரு தனி அத்தியாயமாகவே வந்தது. நான்கு டியூப்களையும் தனித்தனிச் சப்ளைக்கு மாற்றும்படி சுரங்கத்தில் இருப்பவர்களுக்கு எழுதினேன், மாற்றிவிட்டார்கள். குணாவுக்குச் சிங்கப்பூரிலேயே வேறொரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. முதலில் சொன்ன வேலையைவிடச் சின்ன வேலைதான். அதைப் பற்றி அவர் குறைப்பட்டுக்கொண்டு நான் கேட்டதில்லை.

இந்த வேலைக்கு வர நினைக்கும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. குணா நேர்மையானவர். அன்று கேண்டீனில் பேசியபோதும் நேர்மையானவர்தான். ஆனால் தன் நேர்மையை மட்டும் நம்பி அந்த இடைவெளியை அவர் தேர்ந்தெடுத்திருந்தால், மனமறிந்து ஒரு பொய்யும் சொல்லாமலே ஒரு பொய்யைக் கண்டுபிடித்திருப்பார். நம்மை நாமே ஏமாற்ற முடியாதபடி வேலையை அமைத்துக்கொள்ள வேண்டும். அந்த அமைப்பு உடைந்தால் உடைந்தது என்று அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். அதற்கு விலை உண்டு; அந்த விலையைக் கொடுக்கலாம்.

குணாவின் வாய்மொழித் தேர்வு நடந்த நாளில் அவருடைய அம்மா சொந்த ஊரான பொந்தியானிலிருந்து வந்து அறைக்கு வெளியே காத்திருந்தார். கதவு திறந்ததும் எழுந்தார்.

“கெடச்சிருச்சா டா?”

“பட்டம் கெடச்சிருச்சு மா. துகள்தான் இல்ல.”

“இத்தன வருஷம் தேடியுமா? அப்பறம் என்னாத்துக்கு இப்படிப் பல்லக் காட்டிக்கிட்டு வர்ற?”

“இருக்கணும்னு ஆசைப்பட்ட நானே இல்லன்னு சொல்றேன் மா,” என்றார் குணா. “நம்பலாம்.”